கிராமப்புறச் சாலைகளில் சைக்கிள் பயணம்: இயற்கையும் வரலாறும் இணையும் தடத்தை நீங்களே வகுப்பது எப்படி?

சாலை சைக்கிளில் ஊர்ப்புறமாக ஒரு நாளோ இரண்டு நாளோ போய்வர நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தூரத்தைத்தான் முடிவு செய்கிறார்கள். 80 கி.மீ. என்றோ 100 கி.மீ. என்றோ ஓர் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு, அதற்கேற்ற வட்டத்தை வரைபடத்தில் போட்டுவிட்டு, வழியில் கோட்டையோ அருவியோ வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிடுகிறார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் போனேன். அந்தப் பயணங்களில் பல கோட்டைகளின் வாசலை மட்டுமே பார்த்தேன். உள்ளே சென்று சுற்றிப் பார்க்க நேரமும் இருக்கவில்லை, படியேறக் கால்களில் தெம்பும் இருக்கவில்லை. பிறகு முறையை மாற்றி, முதலில் பழைய வழி ஒன்றைத் தேர்ந்து, அதன்மேல் இடங்களைக் கோத்து, தூரத்தைக் கடைசியில் கணக்கிடத் தொடங்கியபோதுதான் இவ்வகைப் பயணம் என்ன தரக்கூடும் என்பது புரிந்தது. அந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக விளக்குகிறேன்.

முதல் படி: பழைய வழி ஒன்றைக் கண்டுபிடியுங்கள்

ஒரு வழி எதற்காகப் போடப்பட்டது என்று தெரிந்தால், அதன் ஏற்ற இறக்கம் எப்படி இருக்கும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். படகை இழுத்துச் சென்ற குதிரைக்காகப் போட்ட பாதை ஒரு மாதிரி இருக்கும். நீராவி எஞ்சினுக்காகப் போட்டது வேறு மாதிரி இருக்கும். படைகள் நடப்பதற்காகப் போட்டது இவை இரண்டுக்கும் மாறாக இருக்கும். வரலாற்றுச் சின்னங்களும் இத்தகைய வழிகளை ஒட்டியே எழுந்தன என்பதால், வழியைப் பிடித்துவிட்டால் பார்க்க வேண்டிய இடங்கள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

கால்வாய்க்கரைப் பாதைகள் ஏறத்தாழ முழுச் சமதளமானவை. படகுகளை ஏற்றி இறக்கும் மதகு இருக்கும் இடங்களில் மட்டும் சிறு ஏற்றம் வரும். பிரான்ஸின் தெற்கே 17-ஆம் நூற்றாண்டில் பியேர் பால் ரிக்கே அமைத்த 240 கி.மீ. நீள மிடி கால்வாய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1681-ல் திறக்கப்பட்டு, 1996-ல் உலகப் பாரம்பரியச் சின்னமான அந்தக் கால்வாயின் கரையில், டுலூஸ் நகரிலிருந்து சுமார் 50 கி.மீ. வரை நல்ல தளம் கிடைக்கிறது. அதற்கு அப்பால் பல இடங்களில் மண்ணும் மர வேர்களுமாக மாறுவதால், மெல்லிய டயர் போட்ட சாலை சைக்கிள்காரர் கால்வாயை விட்டு விலகி, அதை ஒட்டிய கிராமச் சாலைகளில் போவதே நல்லது. தரை சமமாக இருக்கிறது என்பதால் தளமும் நன்றாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

கைவிடப்பட்ட ரயில் பாதைகளும் இதே வகையைச் சேர்ந்தவை. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வழுக்கும் என்பதால், ரயில் பொறியாளர்கள் சரிவைப் பெரும்பாலும் 2 சதவீதத்துக்குள் அடக்கினார்கள். அதற்காக மலையை வெட்டினார்கள், பள்ளத்தின் மேல் பாலம் கட்டினார்கள், சுரங்கம் குடைந்தார்கள். அந்தப் பாலங்களும் சுரங்கங்களுமே இன்று பார்க்க வேண்டிய சின்னங்களாகிவிட்டன. நியூசிலாந்தின் ஒட்டாகோ பகுதியில் மிடில்மார்ச், கிளைட் ஊர்களுக்கு இடையே 2000-ஆம் ஆண்டில் முழுமையாகத் திறக்கப்பட்ட 152 கி.மீ. பாதை இவ்வகையில் புகழ்பெற்றது. ஆனால் அதன் தளம் சரளை. சாலை சைக்கிளுக்கு ரயில் பாதையைத் தேர்ந்தெடுப்பவர் முதலில் அது தார் போட்டதா என்று பார்த்துவிட வேண்டும். சுரங்கங்களுக்காகப் பகலிலும் விளக்கு கொண்டுபோக வேண்டும்.

குதிரை வண்டிகளுக்காக வகுத்த மலைச்சாலைகள் சைக்கிள்காரருக்குக் கிடைத்த பெரும் கொடை என்பேன். வண்டி இழுக்கும் குதிரை நின்று நின்று ஏறும் அளவுக்குச் சரிவைக் குறைக்க வேண்டியிருந்ததால், அவற்றை அமைத்தவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை அடுக்கடுக்காகப் போட்டார்கள். இத்தாலியில் 1820 முதல் 1825 வரை கட்டப்பட்ட ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகிறது. பிராட்டோ ஊரின் பக்கமிருந்து ஏறினால் 48 வளைவுகள். ஏறத்தாழ 24 கி.மீ. தொலைவில் 1,800 மீட்டருக்கு மேல் உயரம். சராசரிச் சரிவு ஏழரை சதவீதத்தை ஒட்டியே இருப்பதால், பொறுமையும் சிறிய கியரும் உள்ளவருக்கு அது எட்டக்கூடிய ஏற்றம்தான்.

படைச் சாலைகள் கடுமையானவை. நடந்து போகும் வீரனுக்குக் குறுக்கு வழியே முக்கியம் என்பதால், அவை மேட்டைச் சுற்றாமல் அதன் மேலேயே நேராக ஏறி இறங்கும். வட இங்கிலாந்தில் ரோமானியர்கள் கி.பி. 122-ல் கட்டத் தொடங்கிய 117 கி.மீ. நீள ஹேட்ரியன் சுவரை ஒட்டி, 1750-களில் படை நகர்வுக்காக ஒரு சாலை போட்டார்கள். பல இடங்களில் சுவரின் அடித்தளத்தின் மேலேயே ஓடும் அந்தச் சாலை, வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுத்த கோடு போலத் தெரியும். மிதித்துப் பார்த்தால் ஒன்றன்பின் ஒன்றாக மேடு வந்துகொண்டே இருக்கும், வாகனங்களும் வேகமாக வரும். அங்கே 72 என்ற எண்ணிட்ட சைக்கிள் தடம் பெரும்பாலும் அந்தச் சாலையைத் தவிர்த்துவிட்டு, பக்கத்துச் சிறு சாலைகள் வழியாகச் சுற்றிச் செல்வதற்குக் காரணம் இதுவே.

ஆற்றங்கரை வழிகளைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: நீரோட்டத்தின் திசையில் போனால் இறக்கம் துணைசெய்யும் என்பது. ஜெர்மனியின் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆறு சுமார் 300 கி.மீ. ஓடி ஏறத்தாழ 130 மீட்டர்தான் இறங்குகிறது; அதாவது ஒரு கிலோமீட்டருக்கு அரை மீட்டர்கூட இல்லை. கால்களுக்கு அது தெரியவே தெரியாது. அங்கே பயணத்தை எளிதாக்குவதும் கடினமாக்குவதும் காற்றுதான்.

இரண்டாம் படி: இடங்களைக் குறியுங்கள், பிறகு பாதியை நீக்குங்கள்

தேர்ந்த வழியின் இருபுறமும் 10 கி.மீ. அகலத்துக்குள் உள்ள எல்லா இடங்களையும் முதலில் வரைபடத்தில் புள்ளியாக வையுங்கள். பிறகு ஒரு நாளுக்கு மூன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை நீக்குங்கள்: ஒன்றரை மணி நேரம் செலவிட வேண்டிய பெரிய இடம் ஒன்று, அரை மணியில் பார்த்துவிடக்கூடிய சிறிய இடம் ஒன்று, வெறுமனே உட்கார்ந்திருக்கத் தக்க இயற்கை இடம் ஒன்று. நான்காவதைச் சேர்த்த நாட்களில் நான்கையும் அரைகுறையாகப் பார்த்ததே என் அனுபவம்.

டான்யூப் கரையில் மெல்க், கிரெம்ஸ் ஊர்களுக்கு இடையே சுமார் 36 கி.மீ. நீளும் வக்காவ் பள்ளத்தாக்கு இந்த மூன்றும் தானாக அமைந்த பகுதி. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இன்றைய வடிவத்தில் எழுந்த மெல்க் மடாலயம் பெரிய இடம். 1192-ன் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்ட் சிறைவைக்கப்பட்ட டுர்ன்ஸ்டைன் கோட்டையின் இடிபாடு சிறிய இடம். இடையில் அடுக்கடுக்கான திராட்சைத் தோட்டங்களும் ஆற்றின் வளைவுகளும் உள்ளன. 36 கி.மீ. என்பது பயிற்சி பெற்ற ஒருவருக்கு ஒன்றரை மணி நேர மிதிப்பு. இருந்தும் அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்குவது வீணாகாது.

பெயர்ப்பலகை வைத்த தடத்தை அப்படியே பின்பற்றினால் சில நல்ல இடங்கள் தவறிப்போகும். ஜப்பானில் ஒனோமிச்சி, இமபாரி நகரங்களுக்கு இடையே தீவுகளைப் பாலங்களால் இணைக்கும் ஷிமனமி கைடோ என்ற சுமார் 70 கி.மீ. தடத்தில், சாலையோரம் நீலக்கோடு வரைந்து வழிகாட்டியிருக்கிறார்கள். அந்தக் கோடு ஓமிஷிமா தீவின் ஓரத்தை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். பழைய வீரர்கள் காணிக்கையாகத் தந்த கவசங்களையும் வாள்களையும் பாதுகாக்கும் ஒயாமஸுமி ஆலயமோ அந்தத் தீவின் மறுகரையில் இருக்கிறது. நீலக்கோட்டிலிருந்து விலகத் துணிந்தவருக்கே அது கிடைக்கும்.

சின்னங்கள் எங்கே இருக்கும் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. கோட்டை உயரத்தில் இருக்கும். நீர்ச்சக்கர ஆலை ஆறு சட்டென்று இறங்கும் இடத்தில் இருக்கும். பழைய பாலம் ஆறு குறுகும் இடத்தில் இருக்கும். ஆகவே கோட்டைக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டர், அன்றைய பயணத்திலேயே மிகச் செங்குத்தானதாகவும் பெரும்பாலும் கல் பாவியதாகவும் அமையும். அந்த ஒரு கிலோமீட்டரை நடந்தே ஏறுவது என்று முன்னதாகவே முடிவு செய்துகொள்வதில் குறையொன்றும் இல்லை.

மூன்றாம் படி: ஏற்றத்தைக் கணக்கிடுங்கள்

மொத்த ஏற்றத்தை மொத்தத் தூரத்தால் வகுத்துப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 5 மீட்டருக்குள் வந்தால் சமவெளி. 10 மீட்டரை ஒட்டி வந்தால் மேடுபள்ளமான நாடு. 20-ஐத் தாண்டினால் அது மலைப்பயணம். ஆனால் சராசரி மட்டும் போதாது. 60 கி.மீ. தடத்தில் 600 மீட்டர் ஏற்றம் இருக்கிறதென்றால், அது நாள் முழுதும் பரவியிருக்கிறதா, ஒரே மலையில் குவிந்திருக்கிறதா என்பதைப் பொறுத்து இரு வேறு பயணங்கள் ஆகிவிடும்.

சரிவு எவ்வளவு தூரம் வேகத்தைத் தின்னும் என்பதைப் பலர் குறைத்தே எண்ணுகிறார்கள். சைக்கிளும் ஆளும் பையும் சேர்ந்து 85 கிலோ என்று வையுங்கள். சமதரையில் மணிக்கு 25 கி.மீ. போக எடுக்கும் அதே முயற்சியில், 5 சதவீத ஏற்றத்தில் 8 அல்லது 9 கி.மீ. வேகமே கிடைக்கும், 8 சதவீதத்தில் அது வேக நடைக்குச் சமமாகிவிடும். கியரைத் தேர்ந்தெடுக்க இந்தக் கணக்கு உதவும். முன் பல்சக்கரத்தில் 34 பற்கள், பின் பல்சக்கரத்தில் 34 பற்கள் என்றால் பெடல் ஒரு சுற்று சுற்றும்போது சக்கரமும் ஒரு சுற்றுதான் சுற்றும், சைக்கிள் சுமார் 2.1 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கி.மீ. உங்கள் தடத்தில் 8 சதவீத ஏற்றம் நீண்டு கிடக்கிறதென்றால், இதைவிடப் பெரிய கியரோடு போவது முட்டிகளைத் தண்டிப்பதாகும்.

திட்டமிடும் செயலிகள் காட்டும் ஏற்ற எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அவற்றில் பல, 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் ரேடார் மூலம் எடுத்த அளவீடுகள் போன்ற தரவுகளைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய தரவு நிலத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டத்துக்கு ஓர் உயரம் தருகிறது. செங்குத்துப் பாறையைக் குடைந்து போட்ட சாலையில், பக்கத்துக் கட்டத்திலுள்ள மலையின் உயரம் சாலையின் உயரமாகப் பதிவாகி, இல்லாத ஏற்றங்கள் வரைகோட்டில் ஊசிபோல் நிற்கும். பாலமும் சுரங்கமும் இருக்கும் இடங்களிலும் இதே பிழை வரும். ஐயம் வந்தால் சமவுயரக் கோடுகள் உள்ள வரைபடத்தைத் திறந்து, சாலை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

நான்காம் படி: தளத்தைச் சரிபாருங்கள்

வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரியும் சாலை தாராகவும் இருக்கலாம், சரளையாகவும் இருக்கலாம், மழைக்காலத்தில் ஓடையாகவும் இருக்கலாம். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில் பல சாலைகளுக்குத் தளத்தின் வகையும் பதிவாகியிருக்கிறது. செயற்கைக்கோள் படத்தில் தார் சாம்பல் நிறமாகவும் மண் வெளிறிய பழுப்பாகவும் தெரியும். சாலையோரப் படங்கள் கிடைக்கும் பகுதியாக இருந்தால் சந்திப்புகளை மட்டுமாவது பார்த்துவிடுங்கள். மற்ற சைக்கிள்காரர்கள் அதிகம் போன சாலைகளைக் காட்டும் வெப்பப்படங்களும் உதவும். ஆனால் அதில் மலைச் சைக்கிள்காரர்களின் தடங்களும் கலந்திருக்கக்கூடும்.

கல் பாவிய பழைய தெருக்களில் ஈரம் இருந்தால் திருப்பத்திலும் பிரேக்கிலும் கவனம் வேண்டும். கற்களின் இடைவெளி நீளவாக்கில் ஓடினால் மெல்லிய டயர் அதற்குள் சிக்கிக்கொள்ளும். 28 முதல் 32 மில்லிமீட்டர் அகல டயர் இவ்வகைப் பயணத்துக்குப் பொருத்தமானது; சட்டகத்தில் இடமிருந்தால் நான் 32-ஐயே போடுவேன்.

ஐந்தாம் படி: திசையை முடிவு செய்யுங்கள்

வட்டத்தடமாக இருந்தால், புறப்படும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றும் அமையும்படி சுற்றும் திசையைத் தேர்ந்தெடுங்கள். ஒருவழிப் பயணமாக இருந்தால், அந்தப் பகுதியில் பெரும்பாலான நாட்களில் காற்று எங்கிருந்து வீசுகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள். வட இங்கிலாந்தைக் கடலிலிருந்து கடல்வரை குறுக்காகக் கடப்பவர்களில் பெரும்பாலோர் மேற்கிலிருந்து கிழக்கே போவது இதனால்தான்.

வெளிச்சத்தையும் சேர்த்து யோசியுங்கள். காலையில் கிழக்கு நோக்கியும் மாலையில் மேற்கு நோக்கியும் பெரிய சாலையில் போகாதீர்கள். உங்கள் கண் கூசுகிறதென்றால், உங்களுக்குப் பின்னால் வரும் ஓட்டுநருக்கும் அதே சூரியன் கண்ணில் அடிக்கிறது, அவர் உங்களைக் காணாமல் போகலாம். கிழக்கு பார்த்த முகப்புள்ள சின்னத்தைக் காலையில் பாருங்கள். ஒடுங்கிய பள்ளத்தாக்குக்கு உச்சிவேளையில் போனால்தான் அடிவரை ஒளி இறங்கியிருக்கும். இவை எல்லாம் ஒன்றோடொன்று மோதும். மோதும்போது முதலில் பாதுகாப்பு, அடுத்து காற்று, கடைசியில் காட்சி என்ற வரிசையில் நான் முடிவெடுப்பேன்.

ஆறாம் படி: இப்போது தூரத்தைக் கணக்கிடுங்கள்

பகல் வெளிச்சம் 11 மணி நேரம் என்றால், அதில் ஒரு மணியை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவிடுங்கள். மூன்று இடங்களுக்கும் உணவுக்கும் நான்கு மணி நேரம் போகும். மீதி ஆறு மணி நேரத்தில், பையோடு மணிக்கு 18 கி.மீ. என்ற நிதானமான சராசரி வைத்தால் 108 கி.மீ. வரும். ஆனால் நிறுத்தி நிறுத்திப் போகும்போது கால்கள் ஒவ்வொரு முறையும் ஆறிப்போய் மீண்டும் சூடாக வேண்டியிருப்பதால், அந்த எண்ணில் மூன்றில் இரண்டு பங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். அதாவது 70 கி.மீ. மலைநாடாக இருந்தால் 50. சின்னங்கள் திறந்து மூடும் நேரத்தையும் வார விடுமுறையையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

ஏழாம் படி: சைக்கிளும் பையும்

கூடுதல் டியூப் இரண்டு, டயர் லீவர், பம்ப், பேட்ச், செயின் இணைப்பான் ஒன்று, அறுகோணச் சாவிகள், முன்பின் விளக்குகள், மெல்லிய மழையங்கி, எடை குறைந்த பூட்டு. இவற்றோடு ஒட்டுநாடாவும் கையளவு பழைய டயர்த் துண்டும் வையுங்கள். இந்தக் கடைசிப் பொருளின் அருமையை ஒரு மதியத்தில்தான் தெரிந்துகொண்டேன். சாலையோரச் சரளையில் ஒதுங்கியபோது கூரிய கல் ஒன்று டயரின் பக்கச்சுவரை விரல் நகத்தளவு கிழித்துவிட்டது. புது டியூபைப் போட்டுக் காற்றடித்தால், கிழிசல் வழியே டியூப் கொப்புளம்போல் பிதுங்கியது. டயர்த் துண்டு கைவசம் இல்லாததால், வரைபடத் தாளை எட்டாக மடித்து, கிழிசலுக்கும் டியூபுக்கும் நடுவே வைத்து, வழக்கத்தைவிடக் குறைவாகக் காற்றடித்து, 20 கி.மீ. மெதுவாக ஓட்டி ஊர் சேர்ந்தேன்.

செருப்பு விஷயத்தில் ஒரு சொல். பெடலில் மாட்டிக்கொள்ளும் சாலைச் சைக்கிள் காலணியின் அடிக்கட்டை, தேய்ந்த கற்படிகளில் வழுக்கும். பழந்தரையைக் கீறவும் செய்யும். கட்டை உள்ளடங்கிய மலைச் சைக்கிள் காலணியோ, பையில் மடித்து வைக்கக்கூடிய மெல்லிய செருப்போ உங்களுக்கும் நல்லது, சின்னத்துக்கும் நல்லது. சைக்கிளைப் பழஞ்சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். ஹேண்டில்பாரின் முனை சுண்ணாம்புப் பூச்சில் ஒருமுறை உரசினால் விழும் கீறல் அப்படியே நிற்கும். அந்தப் பூச்சைப் பூசிய கைகள் எத்தனை நூறு ஆண்டுகளுக்கு முந்தையவை என்று நினைத்துப் பார்த்தால் மனம் வராது.

எட்டாம் படி: சாலையில்

முதல் ஒரு மணி நேரம், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகும் அளவுக்கே மிதியுங்கள். மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர் குடியுங்கள். வெயில் கடுமையானால் இன்னும் கூட்டுங்கள். அடுத்து தண்ணீர் நிச்சயமாகக் கிடைக்கும் இடம் எது என்பது ஒவ்வொரு கட்டத்திலும் தெரிந்திருக்க வேண்டும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கைத் தொடர்ந்து பிடித்துக்கொண்டே வராமல், வளைவுக்கு முன் அழுத்திக் குறைத்துவிட்டு, வளைவில் விட்டுவிடுங்கள். சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும் அபாயம் இதனால் குறையும். கால்நடை, டிராக்டர், வைக்கோல் சிதறல், அறுவடைக்காலச் சேறு ஆகியவற்றை ஒவ்வொரு மறைவான திருப்பத்துக்கும் அப்பால் எதிர்பார்த்தே திரும்புங்கள்.

வழித்தடக் கோப்பைக் கைபேசியிலும் சைக்கிள் கணினியிலும் இணையம் இல்லாமலே திறக்கும்படி ஏற்றி வையுங்கள். பாதியில் மழையோ களைப்போ வந்தால் குறுக்கே வெட்டித் திரும்ப ஒரு சாலையை முன்னதாகவே குறித்திருங்கள். நான் ஒவ்வொரு தடத்திலும் இரண்டு குறுக்கு வழிகளைக் குறிப்பேன்; ஒன்று மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இன்னொன்று மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில்.

திரும்பி வந்த அன்றிரவே, மறப்பதற்கு முன், வரைபடத்தில் திருத்தங்களை எழுதிவிடுங்கள்: எந்தச் சாலையில் தளம் மோசம், எந்தப் பாலத்தடியில் நிழல், எந்தக் கோட்டையில் மேல்தளம் மூடியிருந்தது, எங்கே இன்னும் அரை மணி இருந்திருக்கலாம் என்று தோன்றியது. அடுத்த முறை அதே தடத்தை எதிர்த்திசையில் போகும்போது, அந்தக் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.